ஏமாற்றத்தில் முடியும் உல்லாசக் கப்பல் பயணம்: முன்பதிவு முதல் இழப்பீடு வரை

உல்லாசக் கப்பல் பயணத்தில் நேரும் ஏமாற்றங்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தருவதாகச் சொன்னதைத் தராமல் விடுவது ஒன்று. அவர்கள் சொல்லாததை நாமாக எதிர்பார்த்துக்கொண்டு போவது மற்றொன்று. முதல் வகைக்கு இழப்பீடு கேட்கலாம். இரண்டாவது வகையைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துத்தான் தவிர்க்க முடியும். சேமிப்பைச் செலவழித்து, வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் துன்பப்படுவதும், கேட்டிருக்க வேண்டிய தொகையைக் கேட்காமல் விட்டுவிடுவதும் மிகுந்த வருத்தம் தருகிறது.

பெரும்பாலானோர் துறைமுகங்களின் பட்டியலைப் பார்த்தே பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வானிலை, பாதுகாப்பு, துறைமுக அனுமதி முதலிய காரணங்களால் எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கவோ மாற்றவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்னும் பிரிவு ஏறக்குறைய எல்லாக் கப்பல் டிக்கெட்டுகளின் நிபந்தனைகளிலும் இருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் சேவை தொடங்கியபோது விசாகப்பட்டினத்துடன் புதுச்சேரியும் பயணத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாகச் சொல்லி எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. புதிய வழித்தடத்தின் முதல் சில பயணங்களில் இத்தகைய சிக்கல்கள் நேரக்கூடும் என்பதால், குறிப்பிட்ட ஓர் ஊரைப் பார்ப்பதே நோக்கமாக இருந்தால், அந்தக் கப்பல் அங்கே ஏற்கெனவே பலமுறை போய் வந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நிற்குமா, அல்லது கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்ப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். படகில் இறங்க வேண்டிய இடங்களில் அலை சற்று உயர்ந்தாலே இறக்கம் ரத்தாகிவிடும். மூட்டுவலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலை இல்லாத நாளிலும் இறங்க முடியாமல் போகலாம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கட்டணம் குறைவு என்பதற்காக இந்த மாதங்களில் பதிவு செய்பவர்கள், கரையில் இறங்கவே முடியாத நாட்களும் வரலாம் என்று முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது அறை. கப்பலின் எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் தளப் படத்தை வாங்கி உங்கள் அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடியும் முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை கேட்கும். நடன அரங்கத்துக்கு மேலே உள்ள அறையில் நள்ளிரவு தாண்டியும் இசையின் அதிர்வு இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பதால், குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் உயரத்தில் உள்ள பால்கனி அறையைவிட இவற்றையே கேட்டுப் பெறுவது நல்லது. சில ஜன்னல் அறைகளில் கடலை உயிர்காப்புப் படகு மறைத்துக்கொண்டிருக்கும். பதிவின்போது அது சிறிய எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் என்ற நிபந்தனையுடன் மலிவாக விற்கப்படும் டிக்கெட்டை வாங்கிவிட்டால், பிறகு அறையின் இடத்தைப் பற்றிக் குறைகூற இடமிருக்காது.

கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதைப் பயண முகவரிடம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். துறைமுக வரி, பணியாளர்களுக்கான டிப்ஸ், இணைய வசதி, தனிக் கட்டண உணவகங்கள், குளிர்பானங்கள், கரைச் சுற்றுலா ஆகியவை பெரும்பாலும் விளம்பரக் கட்டணத்துக்கு வெளியே இருக்கும். டிப்ஸ் தொகையை ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கிட்டு உங்கள் கணக்கில் தானாகவே சேர்க்கும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. கப்பலுக்குள் செய்யும் செலவுகள் எல்லாம் அறைச் சாவி அட்டையிலேயே பதிவாகும் என்பதால், கடைசி நாள் காலையில் வரிசையில் நின்று கணக்கைச் சரிபார்ப்பதற்குப் பதிலாக அன்றாடம் இரவில் பார்த்துவிடுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால், அல்லது வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுமென்றால், பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து உறுதி பெற வேண்டும். ஏறிய பின் கேட்டால், சமையலறைக்கு மனமிருந்தாலும் பொருள் இருக்காது.

கப்பலின் தூய்மையைப் பற்றியும் ஓரளவு முன்பே அறியலாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, 100க்கு மதிப்பெண் இட்டு இணையத்தில் வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே பெற்றால் அது தோல்வி. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி, கப்பல்களில் அடிக்கடி பரவும் நோரோ வைரஸைக் கைகளிலிருந்து அகற்றச் சானிடைசரைவிடச் சோப்பும் தண்ணீருமே பயன் தரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குறை நேரலாம். அப்போது செய்ய வேண்டியவற்றுள் மிக முக்கியமானது, கப்பலில் இருக்கும்போதே எழுத்தில் புகார் கொடுப்பது. ஊர் திரும்பிய பிறகு முதன்முறையாகப் புகார் செய்தால், அப்போதே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே என்று நிறுவனம் கேட்கும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. விருந்தினர் சேவை மேசையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாமல், ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டவரின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வாங்குங்கள். 'அறை மோசமாக இருந்தது' என்று எழுதுவதால் பயனில்லை. 'ஏழாம் தளத்தில் எங்கள் அறையின் குளியலறைத் தரையில் நேற்றிரவு 9.40 மணிக்குக் கழிவுநீர் மேலே வந்தது, 9.50க்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். இன்று காலை 8 மணி வரை யாரும் வரவில்லை. வேறு அறை தருமாறு கேட்கிறோம்' என்று எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்போது சொன்னோம், என்ன கேட்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

ஒளிப்படமும் காணொளியும் எடுங்கள். துறைமுகம் மாற்றப்பட்டால், அறைக்கு வரும் அறிவிப்புத் தாளையும் அன்றாட நிகழ்ச்சி நிரலையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தை விற்ற விளம்பரப் பக்கம் பின்னர் மாறிவிடலாம் என்பதால், பதிவு செய்த நாளிலேயே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கும் அதே குறை என்றால் தொடர்பு எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கும் முகவருக்கும் சேர்த்தே எழுத வேண்டும். தவறிய துறைமுகத்துக்கான வரியும், கப்பல் நிறுவனத்திடமே வாங்கி ரத்தான கரைச் சுற்றுலாவின் கட்டணமும் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். கேட்காமலே வந்துவிடும் என்று இருந்துவிடாமல் சரிபாருங்கள். வெளியாரிடம் பதிவு செய்த சுற்றுலாவுக்கு அவரவர் விதிகளே பொருந்தும். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட வேண்டிய பயணம் ரத்தானாலோ, மூன்று நாட்களோ அதற்கு மேலோ தாமதமாகி நீங்கள் போக விரும்பாவிட்டாலோ, கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டில் 2022 முதல் விதி இருக்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதில் நிதானம் தேவை. 2008ஆம் ஆண்டு உலகச் சுற்றுக் கப்பல் பயணம் ஒன்றுக்குச் சுமார் 59,000 பவுண்டு கட்டிய ஓர் ஆங்கிலேயத் தம்பதியர், புயல் கடலில் அறையின் உலோகத் தகடுகள் எழுப்பிய ஓசையால் உறங்க முடியாமல், பயணத்தைப் பாதியில் கைவிட்டு ஹொனலுலுவில் இறங்கினார்கள். கீழ் நீதிமன்றம் வழங்கிய 22,000 பவுண்டை, 2010இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 12,000 ஆகக் குறைத்தது. விடுமுறை கெட்டதால் உண்டான மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் தொகைக்கு ஓர் எல்லை வேண்டும் என்றும் வலியுறுத்தியது. எனவே கிடைக்காத சேவையின் மதிப்பு, அதனால் செய்ய நேர்ந்த கூடுதல் செலவு, மன உளைச்சல் ஆகிய மூன்றையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள். முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொல்லும் கடிதத்தைவிட இத்தகைய கணக்குக்கே பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பதில் வராவிட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பயணத்துக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் பதியலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் என்றால், உங்களிடம் இங்கே பணம் பெற்ற முகவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க மறக்காதீர்கள். டிக்கெட்டில் குறித்த ஊரில்தான் வழக்காட முடியும் என்ற நிபந்தனை செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே ஒரு கப்பல் பயணியின் வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், அந்நாட்டில் போய் வழக்காடுவது நம்மில் பலருக்கு இயலாத காரியம்.

வழக்குக்கு முன்பே, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை ஒன்றை நிறுவனம் முன்வைக்கக்கூடும். அது எந்தத் தேதிக்குள் செல்லும், பண்டிகை நாட்களிலும் பயன்படுமா, வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, துறைமுக வரிக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். அதனுடன் வரும் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்ற வாசகம் இருந்தால், கையெழுத்திட்ட பின் வேறு எதையும் கேட்பது கடினம். மீண்டும் கப்பலில் ஏற உங்களுக்கு விருப்பமில்லை என்றால் சலுகையை மறுத்து, அதே மதிப்பைப் பணமாகத் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.