டேலியாவும் கார்த்திகைப் பூவும்: மலையகத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் எந்தக் கிழங்கைக் கையில் எடுத்தாலும் உருளைக்கிழங்கு நட்ட பழக்கம்தான் முதலில் வேலை செய்கிறது. விதைக்கிழங்கைத் துண்டாக்கு, புதை, தண்ணீர் ஊற்று. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் தலைமுறைகளாகப் பலன் தந்த இந்த முறையே டேலியாவையும் கார்த்திகைப் பூவையும் கெடுத்துவிடுகிறது. இரண்டும் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் திரும்பத் தழைக்கும் செடிகள். ஆனால் இரண்டின் கிழங்கும் உருளைக்கிழங்கைப் போன்றதன்று, ஒன்றுக்கொன்றும் ஒத்ததன்று.

உருளைக்கிழங்கின் உடம்பெங்கும் கண் இருக்கிறது. டேலியாக் கிழங்கின் உடம்பில் ஒரு கண்கூடக் கிடையாது. பழைய தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில்தான் முளை உறங்குகிறது. கொத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் அந்தத் தண்டின் அடிப்பகுதி கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் செடியாகாது. சில வேளை வேர் மட்டும் விட்டு நம்மை ஏமாற்றும். கண் எங்கே என்று தெரியாவிட்டால் கத்தியை எடுக்கவே வேண்டாம். கொத்தை முழுதாக ஈர மணலில் ஓரிரு வாரம் வைத்தால் முளைகள் புடைத்துத் தாமே காட்டிக்கொடுக்கும். அப்போது வெட்டி, வெட்டுவாயைக் காயவிட்டு நடலாம்.

கார்த்திகைப் பூவின் கிழங்கோ பெரும்பாலும் கவட்டை வடிவில் இருக்கும். முளை கவட்டையின் நுனிகளில் இருக்கிறது. கவட்டை சேரும் இடத்தில் பிரித்தால் இரண்டு செடி கிடைக்கும். குறுக்கே துண்டு போட்டால் முளையில்லாத துண்டு வீணாகும். நுனி மிக எளிதில் ஒடியக்கூடியது. மண்வெட்டியால் தோண்டுவதும், சாக்கில் கொட்டிக் குலுக்கி எடுத்துவருவதும் இந்தக் கிழங்கைக் கொல்லும் வழிகள். கையால் மண்ணை விலக்கி எடுக்க வேண்டும். நடும்போது படுக்கவைத்து, இரண்டு மூன்று அங்குல மண் போதும். டேலியாவை நான்கைந்து அங்குல ஆழத்தில் வைக்கலாம்.

முளைத்த பிறகு செய்யும் பெரிய தவறு கிள்ளுவது. டேலியா ஒரு முழ உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டுப் பூ பெருகும். அதே கை கார்த்திகைப் பூவையும் கிள்ளிவிடுகிறது. அதன் ஒரு முளை ஒரு தண்டைத்தான் தரும், அந்தத் தண்டின் மேற்பகுதியில்தான் பூவும் வரும். நுனி போனால் பெரும்பாலும் அந்த ஆண்டின் பூவும் போயிற்று. நத்தை கடித்தாலும் இதே கதி என்பதால் முளை தரையைவிட்டு எழும் நாட்களில் இரவில் விளக்கோடு ஒரு முறை பார்ப்பது நல்லது. கொடி வளர்ந்தபின் கறுப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட புழுக்கள் இலையை மொட்டையடிக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்தாலே போதும்.

தாங்குகம்பிலும் வேறுபாடு உண்டு. டேலியாவின் தண்டு உள்ளீடற்றது, தென்மேற்குக் காற்றில் முறியும். தடித்த கம்பு வேண்டும், அதையும் கிழங்கு நடும் முன்பே ஊன்றிவிட வேண்டும். கார்த்திகைப் பூ இலை நுனியையே சுருட்டிப் பற்றி ஏறும் கொடி. தடித்த கம்பை அந்தச் சிறு நுனியால் சுற்ற முடியாது. மெல்லிய குச்சிகளோ கம்பி வலையோ வைத்துப் பாருங்கள், தானே ஏறும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விடயம் கிழங்கின் உறக்கம், அதாவது தழை வாடியபின் அடுத்த முளைவரை அது ஓய்ந்திருக்கும் காலம். ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகங்கள் உறைபனி விழுந்ததும் டேலியாக் கிழங்கைத் தோண்டச் சொல்கின்றன. அது நிலமே உறைந்துபோகும் நாடுகளுக்கான அறிவுரை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி உறைபனி இலையைக் கருக்கும், நிலத்தடிக் கிழங்கைத் தொடாது. இங்கே கிழங்கைக் கொல்வது மழை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் மழையில், தழை வாடிய டேலியாக் கொத்து மண்ணிலேயே கிடந்தால் அழுகிவிடும். நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரளும் ஏப்ரல் சீசனுக்குப் பூ வேண்டுமானால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ நட்டு, உறைபனி இரவுகளில் இளஞ்செடியைச் சாக்கால் மூடி, பூத்து ஓய்ந்து தழை வாடத் தொடங்கியதும் கிழங்கை எடுத்துக் காற்றோட்டமான நிழலில் வைப்பதே நல்ல வழி.

கார்த்திகைப் பூவின் நாட்காட்டி கிழக்குச் சரிவான ஊவாப் பக்கத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பதுளையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறட்சி, பிறகு மழை, கார்த்திகையில் பூ. ஹட்டன், மஸ்கெலியா இருக்கும் மேற்குச் சரிவில் அது உறங்க வேண்டிய மாதங்களில்தான் மழை கொட்டுகிறது. அங்கே தரையில் நடாமல் தொட்டியில் வைத்து, கொடி காய்ந்ததும் தொட்டியோடு தாழ்வாரத்துக்குள் இழுத்துவைத்து, தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிறதே என்று அந்த நேரத்தில் தண்ணீரும் உரமும் ஊற்றுவது நேரே அழுகலுக்குக் கொண்டுபோகும். செடி செத்துவிட்டதென்று தொட்டியைக் கொட்டிவிடுவதும் தவறு. பழைய கிழங்கு வற்றிச் சுருங்கும்போதே அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்கு மண்ணுக்குள் உருவாகிவிடுகிறது. டேலியாவில் பழைய கிழங்குகள் நீடித்துக் கொத்து பெருப்பதால், அதை இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறையாவது பிரித்துவிட வேண்டும்.

தேயிலைக்குப் போடும் உரத்தை இரண்டுக்குமே தவிர்க்கலாம். அது இலை பறிக்கும் பயிருக்கானது, தழைச்சத்து மிகுந்தது. டேலியா அடர்ந்து தழைத்தும் பூ குறையும். தேயிலை மண்ணின் புளிப்பும் டேலியாவுக்கு ஆகாது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூளும் மக்கிய சாணமும் கலந்தால் சரியாகும்.

எடுத்த கிழங்குகளை எங்கே வைப்பது? ஈரமில்லாத இடம் என்று அடுப்பங்கரையில் மரவள்ளியோடும் வள்ளிக்கிழங்கோடும் வைக்கும் பழக்கம் உண்டு. டேலியாக் கிழங்கு அதன் தாய்நாடான மெக்சிகோவில் உண்ணப்படுவது. கார்த்திகைப் பூக் கிழங்கிலோ கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. இலங்கையில் அதை வள்ளிக்கிழங்கென்று நம்பி அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. அதைப் பெயர் எழுதிய தனி டப்பாவில், பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். கையாளும்போது கையுறை அணியுங்கள். யாராவது சிறிதளவு தின்றுவிட்டாலும் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. முறிமருந்து இல்லாத நஞ்சு இது. உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிஞ்சிய கிழங்குத் துண்டையும் வைத்தியரிடம் காட்டக் கையோடு கொண்டுபோங்கள்.