கடையைப் பற்றி எழுதுவது ஏன் கசந்துபோகிறது?

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் தேயிலைப் பொதி விற்பவருக்கும், எல்லவில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவருக்கும், பண்டாரவளையில் கேக் செய்து கொடுப்பவருக்கும் இப்போது ஒரு வேலை கூடியிருக்கிறது. தொழிலைப் பற்றிச் சமூக ஊடகத்தில் அடிக்கடி ஏதாவது எழுதிப் போட வேண்டும். தொடக்கத்தில் ஆசையாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாளில் அது கடன் தவணை மாதிரி கனக்கத் தொடங்கிவிடுகிறது. கேட்டால் நேரமில்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் வாடிக்கையாளரோடு வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் எழுத உட்கார்ந்ததும் வேறு ஆளாக மாறிவிடுகிறார்கள். என் கணிப்பில் சலிப்பு அங்கேதான் பிறக்கிறது.

முதல் தவறு, பெயர்ப்பலகை மொழியில் எழுதுவது. "தரமான தேயிலை, நியாயமான விலை, அன்பான சேவை." நுவரெலியாவிலிருந்து பதுளை வரைக்கும் எந்தக் கடையிலும் இதை ஒட்டிவிடலாம். வாசிப்பவருக்கு மட்டுமல்ல, எழுதுபவருக்கும் கொட்டாவி வரும்.

அதே கடைக்கு ஒருவர் வந்து, "அண்ணே, டஸ்ட் மட்டும் ஏன் இப்படிக் கறுப்பா ஊறுது? சாயம் கலக்குறாங்களா?" என்று கேட்கட்டும். கடைக்காரர் உடனே இரண்டு பொதிகளைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். பீஓபி என்ற ரகம் உடைந்த இலை, டஸ்ட் என்ற ரகம் கிட்டத்தட்டத் தூள். துகள் சிறிதாக இருந்தால் அதிகப் பரப்பில் தண்ணீர் படும், சாயமும் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் பால் தேத்தண்ணிக்கு டஸ்ட் எடுபடுகிறது. பிளேன்டீ குடிப்பவர் பீஓபியைக் கொதித்த தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டால் வாசனை தெரியும். இவ்வளவையும் ரசித்துச் சொன்ன அதே மனிதர், இரவு போனை எடுத்து "தரமான தேயிலை" என்று எழுதுகிறார்! பகலில் பேசியதையே எழுதியிருக்கலாம். கேள்வி முதல் வரி, பதில் மிச்சம். மறந்துவிடும் என்றால், ஆள் படியிறங்கியதும் போனில் குரலாகப் பதிந்துவையுங்கள்.

எழுத விஷயமில்லை என்று வாழ்த்துப் படங்களை அள்ளிப் போடுவது இன்னொரு தவறு. மலைநாட்டில் விஷயத்துக்கா பஞ்சம்? ஜூலை முதல் செப்டம்பர் வரை பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும்போது அந்தத் தேயிலைக்குத் தனி வாசனை வரும். ஹட்டன் பக்கத்து டிம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் அந்தக் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிறார்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலச் சீசன். தேயிலை விற்பவருக்கும் அறை கொடுப்பவருக்கும் சொல்வதற்கு ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

அறை கொடுப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்து, எல்லவின் ஒன்பது வளைவு ரயில் பாலம் 1921இல் கட்டப்பட்டது என்று முடிப்பார்கள். அதை எல்லோரும் எழுதியாயிற்று. உங்கள் வீட்டிலிருந்து பாலத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மழைக்கு வழுக்கும் இடம் எது, மூடுபனி எத்தனை மணிக்கு விலகும், இரவுக்கு ஒரு கம்பளி போதுமா, காலையில் சுடுதண்ணி எப்போது கிடைக்கும்? வருகிறவர்கள் கேட்பது இவற்றைத்தான். உங்களைத் தவிர வேறு யாராலும் பதில் எழுத முடியாது. எழுதவும் சுகமாக இருக்கும்.

போட்ட கையோடு லைக் எண்ணிக்கொண்டிருப்பதும் உற்சாகத்தைக் கெடுக்கும். லைக் போடாமலே வாசித்துவிட்டு அடுத்த மாதம் கடைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணத்தான் வேண்டுமென்றால், எத்தனை பேர் திருப்பிக் கேள்வி கேட்டார்கள் என்று எண்ணுங்கள். அது அடுத்த முறை எழுதுவதற்கும் ஆகும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. கேக் செய்யும் அக்கா வாயால் சொல்லட்டும், தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்த மகள் எழுதட்டும். தினமும் எழுதுவேன் என்று சபதம் போடவும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்று தாராளம். ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்துச் சம்பள நாட்களிலும் டவுன் கடைகளில் கூட்டம் நெரியும். அப்போது கேள்விகளை மட்டும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிவைத்துவிட்டு, செவ்வாயோ புதனோ கடை காற்றாடும் நேரத்தில் ஒன்றை எடுத்து எழுதுங்கள்.