ஒயரை வெட்டாமல் காருக்குள் விளக்கு வைப்பது எப்படி?

இரவில் கார் கதவைத் திறந்ததும் காலடியில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் அதன் சுகமே தனி. கீழே விழுந்த சாவியைத் தேட வேண்டியதில்லை, பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்பும் கண்ணில் படும். கடையில் கேட்டால் டேஷ்போர்டுக்கு அடியில் ஓடும் ஒயர் ஒன்றைச் சீவி, அதிலிருந்து இணைப்பு எடுத்துத் தருவார்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சீவிய இடத்தில் சுற்றிய டேப் வெயிலில் இளகும், ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும். வாரண்டி முடியாத கார் என்றால், பிற்பாடு மின் கோளாறு வரும்போது அந்த ஒட்டைத்தான் முதலில் காட்டுவார்கள்.

ஒரு ஒயரைக்கூடத் தொடாமல், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

1. என்ன வாங்குவது?

நான்கு எல்இடி பட்டைகள் உள்ள செட் போதும். ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும்; முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. யுஎஸ்பி முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை போகும். சாக்கெட்டில் சொருகும் நல்ல சார்ஜர் அதைச் சீரான 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பதால் விளக்குக்குப் பாதிப்பில்லை. மியூசிக் சிஸ்டத்தில் உள்ள யுஎஸ்பி துளையில் சொருக வேண்டாம். பல கார்களில் அது அரை ஆம்பியர்தான் தரும், வெளிச்சம் மங்கும். இரண்டு துளை உள்ள சார்ஜர் வாங்கினால் ஒன்று விளக்குக்கு, மற்றது போனுக்கு.

இதோடு ஒரு பாக்கெட் கேபிள் டை, கொஞ்சம் ஸ்பிரிட், பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று.

2. சாக்கெட்டைச் சோதியுங்கள்

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு கார் சாவியை எடுங்கள். சார்ஜ் நின்றால் கவலையில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால், இறங்கும்போதெல்லாம் விளக்கின் முனையைக் கழற்றிவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 வாட் விளக்கு பேட்டரியிலிருந்து அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். சிறிய காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் வரும்) ஒரு இரவைத் தாங்கிவிடும். ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

3. ஒட்டுவதற்கு முன் இருட்டில் ஒத்திகை

பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் நேராக ஒட்டிவிடுகிறார்கள். நானோ இதற்குத்தான் அதிக நேரம் செலவழிப்பேன். இருட்டிய பிறகு, பட்டைகளைக் காகித டேப்பால் தற்காலிகமாக ஒட்டி எரியவிடுங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்காருங்கள். பல்பின் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் பட்டையை இன்னும் உள்ளே தள்ளுங்கள். வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும், விளக்கு தெரியக்கூடாது. முன் கண்ணாடியிலும் பக்கவாட்டுக் கண்ணாடியிலும் பிரதிபலிப்பு விழுகிறதா என்றும் பாருங்கள்.

முன்னால், டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில், தரை விரிப்பைப் பார்த்தபடி வைப்பது நன்றாக அமையும். பின்னிருக்கைக்கு, முன் சீட்டின் அடியில். அங்கே மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. கை வைக்காதீர்கள், எதையும் அதில் கட்டாதீர்கள்.

4. துடைத்து ஒட்டுங்கள், கட்டவும் செய்யுங்கள்

டேஷ்போர்டு பாலிஷின் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த டேப்பும் நிற்காது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பசையை மட்டும் நம்பவே கூடாது. முதல் முறை நான் வெறும் துணியால் தூசியைத் தட்டிவிட்டு ஒட்டினேன். மே மாத வெயிலில் மதியம் முழுவதும் வண்டி நின்றது. மாலையில் ஓட்டிக்கொண்டு வரும்போது ஓட்டுநர் பக்கப் பட்டை கழன்று, ஒயரோடு தொங்கி என் காலில் தட்டியது. பிரேக் மிதிக்கும் இடம் அது. நல்லவேளை, சாலையில் கூட்டம் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையின் இரு முனையையும் அசையாத பிளாஸ்டிக் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டாமல் விடுவதில்லை.

5. ஒயரை ஒளித்து வைத்தல்

ஓட்டுநர் பக்கத்து ஒயர் தரையில் போகவே கூடாது. டேஷ்போர்டின் அடிப்பக்கம் ஒட்டியே நடுப்பகுதிக்கு வர வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் இணையும் இடுக்குகளில் ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெதுவாக அழுத்தினால் ஒயர் உள்ளே போய்விடும். பின்பக்க ஒயரை, கியர் இருக்கும் நடுப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் தரை விரிப்புக்கும் இடையே செருகி, சீட்டின் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாமல் கொண்டு போங்கள். சீட்டுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். முன் கண்ணாடியின் பக்கத் தூண்களில் ஒயர் ஓட்ட வேண்டாம், பல கார்களில் ஏர்பேக் அதற்குள் இருக்கிறது. மிச்ச ஒயரைச் சுருட்டி கிளவ் பாக்ஸ் பக்கம் கட்டிவிடுங்கள்.

அப்புறம், வண்டியை நிறுத்தியபடியே மூன்று பெடலையும் அடிவரை மிதியுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், சீட்டுகளை முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளுங்கள். எங்கேயும் ஒயர் இழுபடக்கூடாது.

6. நிறமும் அளவும்

நீலமும் வெள்ளையும் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவைதான் அதிகம் கெடுக்கும். மங்கலில் பார்க்க உதவும் கண் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. எனவே ஓட்டும்போது மங்கலான சிவப்பு அல்லது ஆரஞ்சு, அதுவும் குறைந்த அளவில். பாட்டுக்கு ஏற்ப மின்னும் வசதியை வண்டி நிற்கும்போது மட்டும் போடுங்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னினால் வெளியே இருப்பவர்கள் போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ என்று குழம்புவார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டைகளை இன்னொரு முறை விரலால் அழுத்திவிடுங்கள். காரை விற்கும்போது கழற்ற வேண்டும் என்றால், கேபிள் டைகளை வெட்டிவிட்டு ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். பசை இளகி உரிந்து வந்துவிடும். மிச்சமிருக்கும் பிசுபிசுப்பை அதே ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம்.