அமெரிக்காவில் வேலையிடத்தில் பாகுபாடா? நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருக்காது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள், ஓசூர் கம்பெனிகளில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள் எல்லாம் அமெரிக்கா கிளம்பும் முன் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவார்கள். பதினொரு வருஷம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பேங்க் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், வாடகை, ராகி மாவு கிடைக்குமா என்று எல்லாம் கேட்பார்கள். "ஆபீஸில் என்னை மட்டும் வேறு மாதிரி நடத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது அண்ணா?" என்று மட்டும் கிளம்பும் முன் யாரும் கேட்டதில்லை. அங்கே போன பிறகு, ராத்திரி போனில் கேட்கிறார்கள். அதற்குள் நாள் நிறையப் போயிருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். போய் இறங்கிய முதல் மாதமே ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் விஷயத்தையே முதலில் சொல்கிறேன். இரண்டு வருஷம் தினமும் க்ளையண்டோடு போனில் பேசி வேலை நடத்தியவன் நான். ஒரு குறையும் வந்ததில்லை. புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். ஒரு மீட்டிங்கில், நான் பேசும் ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை என்றார். என் உச்சரிப்பைப் பேசிக் காட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் என் டீம் லீட் பொறுப்பு, என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குப் போனது. அம்மாவிடம் சொன்னேன். "சோறு போடற இடம், பொறுத்துப் போ கண்ணு" என்றார். பொறுத்தேன். அப்புறம் எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். அஞ்சு மாசம் கழித்து, ஆதாரம் இல்லை என்று ஒரு வரியில் மெயில் வந்தது.

மாநில அரசின் சிவில் உரிமைப் பிரிவுக்குப் போனபோது 180 நாள் தாண்டியிருந்தது. நியூ ஜெர்சியில் அந்தப் பிரிவில் புகார் கொடுக்க 180 நாள்தான். நல்லவேளை, மத்திய அரசின் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்தில் 300 நாள் கெடு. அதில் எனக்கு இன்னும் மூன்று மாதத்துக்குக் குறைவாகவே பாக்கி இருந்தது. எச்.ஆர். விசாரணை நடக்கும்போது அரசின் கடிகாரம் நின்றிருக்கும் என்று நம்பியிருந்தேன். அது நிற்காது. உள்ளே முறையிட்டாலும், யூனியனிடம் போனாலும், பேசித் தீர்க்க உட்கார்ந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

யாரிடம் போவது

மத்திய அரசில் இதற்கென்றே இருப்பது வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையம். எல்லோரும் ஈஈஓசி என்றுதான் சொல்வார்கள். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தால் உருவானது. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு, ஊனம், மரபணுத் தகவல், 40 வயதும் அதற்கு மேலும் என்ற வயது ஆகியவற்றை வைத்து வேலையில் வித்தியாசம் காட்டுவது சட்டவிரோதம். கர்ப்பம் பால் என்பதில் அடங்கும். உச்சரிப்பு பிறந்த நாடு என்பதன் கீழ் வரும். அந்த வேலையைச் செய்ய உங்கள் பேச்சு நிஜமாகவே இடையூறு செய்தால் மட்டும்தான் நிறுவனம் அதைக் காரணம் காட்ட முடியும். கேட்பவருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. நம் பக்கத்திலிருந்து, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதை அழுத்தமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தில் 15 பேராவது வேலை செய்ய வேண்டும். வயதுக்கான புகார் என்றால் 20 பேர். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 5 பேர் இருந்தாலே பெரும்பாலான புகார்களை மாநிலத் துறை எடுத்துக்கொள்ளும், கெடுவும் 3 வருஷம். 4 முதல் 14 பேர் உள்ள இடத்தில், பிறந்த நாட்டைக் காட்டி வேலைக்கு எடுக்காமல் விட்டாலோ வேலையை விட்டு நீக்கினாலோ, மத்திய அரசின் நீதி அமைச்சகத்தில் குடியேறியவர் உரிமைக்கென ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கும் 180 நாள்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பாருங்கள். எல்லோரிடமும் எரிந்து விழுகிற மேனேஜர் மோசமான ஆள், ஆனால் அது சட்டப்படி பாகுபாடு ஆகாது. அதே தப்பைச் செய்த இன்னொருவரை விட்டுவிட்டு உங்களைத் தண்டித்தாரா, அதற்குக் காரணம் மேலே சொன்னவற்றில் ஒன்றா என்பதுதான் கேள்வி. ஆகவே உங்களைப் போலவே வேலை செய்யும் மற்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் புகாரின் முதுகெலும்பு.

சம்பளம் பாக்கி, ப்ராஜெக்ட் இல்லை என்று சம்பளமே தராமல் பெஞ்சில் உட்கார வைப்பது, எச்-1பி வேலை விசாவின் கட்டணத்தை உங்களிடமே பிடிப்பது ஆகியவை ஈஈஓசி வேலை அல்ல. தொழிலாளர் துறையின் சம்பளம், வேலை நேரப் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவம் கொடுக்க வேண்டும். அதற்கு 12 மாதம்.

அந்த 180, இந்த 300

பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் ஈஈஓசியில் புகார் பதிவாக வேண்டும். உங்கள் மாநிலத்திலோ ஊரிலோ இதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதை நடத்தும் அலுவலகமும் இருந்தால் 300 நாள். வயது வழக்கில் மாநிலச் சட்டம் இருந்தால்தான் 300, ஊர்ச் சட்டம் மட்டும் போதாது. மத்திய அரசு ஊழியர் என்றால் வழியே வேறு. 45 நாளுக்குள் அந்தத் துறையின் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை இடம் உண்டு. இன்னொன்று. பதவி இறக்கம் ஒரு நாள், வேலை நீக்கம் ஒரு நாள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கெடு தனித்தனி. வேலை போன நாளை வைத்து எண்ணி, பதவி இறக்கத்தைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து நடக்கும் தொந்தரவு என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணலாம். அப்போது பழைய சம்பவங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மனு வேறு, இது வேறு

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி, தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துப் பழகியவர்கள் நாம். மனுவை நீட்டி, ஒப்புகைச் சீட்டை வாங்கினால் கொடுத்தாயிற்று. ஈஈஓசியின் இணையதளத்தில் அப்படி இல்லை. முதலில் நீங்கள் போடுவது விசாரிப்பு மட்டும்தான். அது புகார் அல்ல. அதன் பிறகு அதிகாரியோடு பேச நேரம் குறிப்பார்கள், பேசுவீர்கள், அவர் புகாரை எழுதி அனுப்புவார், நீங்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் புகார். அங்கே அதற்குச் சார்ஜ் என்று பெயர். விசாரிப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்து கெடுவை இழப்பது ரொம்ப எளிது. நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். 60 நாளோ அதற்குக் குறைவாகவோ பாக்கி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தளத்திலேயே தனிக் குறிப்பு வரும், அதன்படி செய்யுங்கள். போனில் கேட்க 1-800-669-4000. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. மாநில அலுவலகத்திலும் சேர்த்துப் பதிய வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் எந்தக் காரணம் என்று குறிக்கும் இடம் ஒன்று இருக்கும். நிறமும் பிறந்த நாடும் இரண்டுமே காரணம் என்றால் இரண்டையும் குறியுங்கள். விட்டுப்போனதைப் பின்னால் கோர்ட்டில் கிளப்புவது கஷ்டம். கன்சல்டன்சி வழியாகக் க்ளையண்ட் இடத்தில் வேலை செய்தால், இரண்டு பெயரையும் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

எழுதும்போது மனசில் உள்ள கோபத்தைக் கொட்டாதீர்கள். "என்னைக் கேவலமாக நடத்தினார்" என்பதில் அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "மார்ச் 4 அன்று காலை மீட்டிங்கில், இன்னின்னார் முன்னால், என் உச்சரிப்பைப் பேசிக் காட்டினார். மார்ச் 11 அன்று லீட் பொறுப்பை எடுத்தார். அதே வேலையைச் செய்த அமெரிக்காவில் பிறந்த இருவரிடம் எதையும் எடுக்கவில்லை" என்பதில் எல்லாமே இருக்கிறது.

அப்பாவின் மண்டி நோட்டு

என் அப்பா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுவார். கூடை எத்தனை, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, யார் கையில் கொடுத்தது எல்லாம் அன்றைக்கு ராத்திரியே நோட்டில் ஏறிவிடும். மறுநாள் எழுதினால் மண்டிக்காரன் சொன்னதுதான் கணக்காகிவிடும் என்பார். அங்கே எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர். அன்றைக்கே, சொந்த நோட்டில், வீட்டில் வைத்து எழுதுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதீர்கள். வேலை போகும் நாளில் அது கையை விட்டுப் போய்விடும்.

உங்களுடைய மதிப்பீட்டு அறிக்கை, சம்பள ரசீது, ஆஃபர் லெட்டர் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் க்ளையண்ட் தகவலையோ நிறுவனத்தின் ரகசியக் கோப்பையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணமாக்கி உங்களை அனுப்பிவிடுவார்கள். பேச்சைப் பதிவு செய்வதிலும் கவனம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ரகசியப் பேச்சைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

விசா பயம்

இரவில் வரும் எல்லா போனும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "புகார் கொடுத்தால் விசா போயிடுமா அண்ணா?"

புகார் கொடுப்பதால் விசா போகாது. இந்தச் சட்டங்கள் எந்த விசாவில் இருப்பவரையும் காக்கும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதே தனியாக ஒரு சட்டமீறல். நீங்கள் நல்லெண்ணத்தோடு, நியாயமான காரணத்தோடு கொடுத்த புகார் கடைசியில் நிரூபணமாகாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆணையத்துக்கு வரும் புகார்களில் அதிகம் சொல்லப்படுவதே பழிவாங்கல்தான்.

ஆனால் பாதி உண்மையைச் சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். எந்தக் காரணத்துக்காகவோ வேலை போனால், எச்-1பியில் இருப்பவருக்கு 60 நாள் வரைதான் அவகாசம். அங்கே எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்னால் முடிந்தால் அதுவே எல்லை. ஈஈஓசியில் புகார் நடக்கிறது என்பதற்காக அந்த நாள் நீளாது. அதனால் புகார் கொடுக்கும் வாரத்திலேயே குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பாருங்கள். ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் புகார் அங்கே உயிரோடு இருக்கும். முகவரியும் மெயிலும் மாறினால் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

வேலையை விட்டு அனுப்பும்போது பணம் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அன்றைக்கே போட்டுவிடாதீர்கள். வழக்குப் போடும் உரிமையையும் இழப்பீட்டையும் அதில் விட்டுக்கொடுத்திருப்பீர்கள். ஆணையத்திடம் புகார் கொடுக்கும் உரிமையை எந்தக் காகிதமும் பறிக்க முடியாது, ஆனால் பணம் பெறும் வழி அடைபட்டுப் போகும். 40 வயது நிறைந்தவருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும், வயது உரிமையை விட்டுக்கொடுக்கக் கேட்டால் யோசிக்க 21 நாளாவது தர வேண்டும், போட்ட பிறகும் 7 நாள் வரை திரும்பப் பெறலாம்.

சாதியைச் சொல்லாமல் விட மாட்டேன்

2012இல் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் சாதி வெறியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த பகுதியிலிருந்து போகிறோம். விமானம் ஏறியதும் சாதி இறங்கிவிடாது. எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று கேட்டுக் கேட்டு ஒருவரைக் கண்டுபிடிக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. கேட்பவரும் நம்மவர்தான். அமெரிக்க மத்திய சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் அதே வருஷம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதை ஏற்கவில்லை. இருக்கிற சட்டங்களிலேயே அந்தத் தடை இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அதே மாநில அரசின் துறை 2020இல் சாதிப் பாகுபாட்டுக்காக சிஸ்கோ என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ஆகவே வழி இல்லை என்று நினைக்காதீர்கள். வம்சாவளியா, இனமா, மதமா, எந்தத் தலைப்பில் கொடுப்பது என்று மட்டும் வேலைச் சட்ட வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இப்படி நம்மவராலேயே ஒருவர் நோகும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் நீங்கள் சாட்சி சொன்னால் அதற்கும் பழிவாங்கல் பாதுகாப்பு உண்டு.

கொடுத்த பிறகு

10 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் போகும், உங்கள் பெயரோடுதான். பல புகார்களில் சமரசப் பேச்சுக்கு வருகிறீர்களா என்று கேட்பார்கள். இலவசம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். என் விஷயம் அங்கேதான் முடிந்தது. என்ன முடிவு என்று சொல்ல முடியாது, அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த மேஜையில் நோட்டைத் திறந்து தேதி தேதியாகப் படித்தபோது, எதிரே இருந்தவர்கள் ஒரு தேதியையும் மறுக்கவில்லை.

சமரசம் இல்லை என்றால் விசாரணை. நிறுவனம் தரும் பதிலின் நகலை நீங்கள் கேட்டு வாங்கிப் பதில் எழுதலாம். விசாரணை முடியப் பல மாதம் ஆகலாம். ஜெயித்தால், போன சம்பளம் தனி. மன உளைச்சல் இழப்பீடும் தண்டனைத் தொகையும் சேர்ந்து, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 50,000 டாலரிலிருந்து 3,00,000 டாலர் வரைதான் மத்திய சட்டத்தில் உச்சம். இனப் பாகுபாட்டுக்கு அந்த உச்சம் இல்லாத பழைய சட்டம் ஒன்றும் உண்டு. மாநிலச் சட்டத்திலும் வேறு கணக்கு இருக்கலாம். வக்கீல்கள் பலர் முன்பணம் வாங்காமல், கிடைப்பதில் பங்கு என்ற பேச்சுக்கு வருவார்கள்.

ஆணையம் கோப்பை மூடும்போது உரிமை அறிவிப்பு ஒன்றை அனுப்பும். பெரும்பாலும் இணையதளக் கணக்கில்தான் வந்து விழும், மெயிலில் ஒரு தகவல் மட்டும் வரும், ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பை மூடிவிட்டார்கள் என்றால் உங்கள் பக்கம் தப்பு என்று பொருள் அல்ல. கோர்ட்டுக்குப் போக அதுதான் அனுமதிச் சீட்டு. கையில் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தத் தேதியையும் அன்றைக்கே நோட்டில் எழுதி, 60ஆவது நாள் வருவதற்குள் வக்கீல் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.