ஒரு ராஜ வம்சம் சாய்வதைக் கதையாக எழுதுவது எப்படி? (கண்டியின் கடைசி மன்னரை வைத்து ஒரு பயிற்சி)

சரித்திரக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டாபிஷேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாற்பது பக்கம் தாண்டியும் என் மன்னருக்கு மீசை முளைக்கவில்லை. வீழ்ச்சிக் கதைக்கு அந்த வழி ஆகாது.

பயிற்சிக்கு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எடுத்துக்கொள்வோம். கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்தின் கடைசி மன்னர். பட்டத்துக்கு முன் கண்ணுசாமி.

படி 1: தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

1798: பட்டம். 1814: தலைமை அமைச்சர் எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போகிறார்; அவருடைய மனைவி, பிள்ளைகளுக்கு மரண தண்டனை. 1815 பிப்ரவரி 18: மன்னர் பிடிபடுகிறார். மார்ச் 2: கண்டி ஒப்பந்தம்; நாடு ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. 1816 ஜனவரி: கொழும்பில் கப்பல் ஏற்றம், பிறகு வேலூர்க் கோட்டை. 1832: அங்கேயே மரணம்.

பின்னணிக்கு இவ்வளவு போதும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள்

முப்பத்து நான்கு வருஷத்தையும் எழுதப் போனால் அது பாடப் புத்தகம். நான் தேர்ந்தெடுப்பது பிப்ரவரி 18. ஆங்கிலப் படை தலைநகருக்குள் வந்துவிட்டது. மன்னர் குடும்பத்தோடு மெதமகாநுவர பக்கம் ஒரு வீட்டில் ஒளிந்திருக்கிறார். தேடி வருகிறவர்கள் எகலப்பொலவின் ஆட்கள். நேற்றுவரை மன்னருடைய குடிகள். சிவப்புச் சட்டைச் சிப்பாய் வந்து பிடித்திருந்தால் அது வெறும் தோல்வி. சொந்தக் குடிகளே வந்து நின்றதால் கதை.

படி 3: யார் சொல்வது?

மன்னர் வேண்டாம். தன் வீழ்ச்சியைத் தானே சொல்கிற ராஜா வசனம் பேச ஆரம்பித்துவிடுவார். பக்கத்திலேயே நிற்கிற, யாரும் கவனிக்காத ஒரு ஆள் வேண்டும். என் தேர்வு அடைப்பக்காரன், அதாவது வெற்றிலைப் பெட்டி சுமப்பவன். அவனைக் கற்பனையாகவே வையுங்கள். வரலாற்றில் பெயருள்ளவர்கள் தலையில் நீங்களாக ஒரு கொலையையோ காதலையோ கட்டாதீர்கள். சிக்கலான காரியங்களுக்குக் கற்பனை ஆட்களே தோது.

படி 4: 'துரோகி' என்ற சொல்லை அடியுங்கள்

இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். எகலப்பொலவை வில்லனாக்குவது சுலபம். ஆனால் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் அவர். அந்தத் தண்டனையைக் கொடுத்த மன்னரோ, தன்னை அரியணையில் ஏற்றிய பிலிமத்தலாவ என்ற அமைச்சரே தனக்கு எதிராகத் திரும்பியதைப் பார்த்தவர். அதற்கப்புறம் யாரை நம்புவார்? இந்தப் பிளவுகளில்தான் ஆங்கிலேய அதிகாரி ஜான் டொயிலி கடிதங்களையும் ஒற்றர்களையும் நுழைத்தார். வாசகர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய வேண்டும். ஒரு பக்கமே சாய்ந்தால் காட்சியைத் திருப்பி எழுதுங்கள்.

படி 5: துயரத்தைச் சொல்லாதீர்கள், பொருளைக் காட்டுங்கள்

என் முதல் வரைவு: "ஆட்சி முடிந்ததை உணர்ந்த மன்னர் ஆழ்ந்த துயரம் கொண்டார்." செத்த வரி.

திருத்தியது:

"மகாராஜாவின் கை வெற்றிலைக்கு நீண்டது. பெட்டியைத் திறந்தேன். சுண்ணாம்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. குழைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வெளியே. வாசலில் யாரோ இருமினார்கள். 'இதோ, மகாராஜா' என்றேன். எழுந்திருக்கவில்லை. கை நீண்டபடியே இருந்தது."

மன்னர் கேட்டு ஒன்று கிடைக்காமல் போகிற முதல் தடவை இது. இதற்குப் பீரங்கி தேவையில்லை.

படி 6: விளிக்கும் சொற்களை எண்ணுங்கள்

காலையில் "மகாராஜா", மதியம் "ராஜா", சாயங்காலம் வெறும் "இவர்". யார் எந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கண்டி ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு நல்ல சரக்கு கிடக்கிறது: மன்னருக்கு இரத்த உறவோ மண உறவோ உள்ள ஆண்களும், அப்படிச் சொல்லிக்கொள்பவர்களும்கூட எதிரிகள், எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் வரக் கூடாது. நேற்றுவரை 'நான் மன்னருக்குச் சொந்தம்' என்று பெருமை அடித்தவர், இன்று அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். இதையே ஒரு தனிக் கதையாக எழுதலாம்.

படி 7: தவறு பார்ப்பது

அடைப்பக்காரன் தீக்குச்சி உரசக் கூடாது. 1815-ல் அது கிடையாது. கண்டிக்கு ரயிலும் அப்போது இல்லை, 1867-ல்தான் வந்தது. இப்படி ஒவ்வொரு பொருளையும் ஒரு தரம் தட்டிப் பாருங்கள்.

படி 8: எங்கே நிறுத்துவது

வேலூர் சமாதி வரை இழுக்காதீர்கள். கையைப் பிணைத்துக் கூட்டிப் போகும்போது அடைப்பக்காரன் பெட்டியோடு பின்னால் நடக்கிறானா, வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறானா? அதை முடிவு செய்து இருநூறு சொற்களில் எழுதுங்கள். பேனாவை அங்கேயே வைத்துவிடலாம்.