பெர்லினில் அம்மணி ஓடும்போது நாம் எங்கே நிற்பது?

ஓடுகிறவர்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த ஷூ, ஓட்டத்துக்கு நடுவே தெம்புக்கு உறிஞ்சுகிற ஜெல் எது, முப்பதாவது கிலோமீட்டரில் என்ன நினைக்க வேண்டும் என்பது வரை எழுதித் தள்ளுகிறார்கள். கூடப் போகிறவருக்கு எழுதத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டு அம்மணி கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓட ஆரம்பித்து பெர்லின் மாரத்தான் வரைக்கும் போனாள். பை தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். நான் ஓடுகிறவன் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டேன்.

கூடப் போகிறவர் நிறைய இடத்தில் நின்று கத்த வேண்டும் என்று அவசியமில்லை. சொன்ன இடத்தில், சொன்ன பக்கத்தில் நின்றால் போதும். ஓடுகிறவர் அந்த இடம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வருவார். அங்கே நம்மைக் காணோம் என்றால் கால் தானாகத் தளர்ந்துவிடும். கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் காகித வேலை. பெர்லின் ஓட்டம் செப்டம்பர் பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். 2024இல் 29ஆம் தேதி, 2025இல் 21ஆம் தேதி. 'கடைசி ஞாயிறுதானே' என்று நீங்களாக முடிவு கட்டி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனிக்குள் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கோடையில் ஊரே ஐரோப்பா கிளம்பும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. அதனால் ஏப்ரல், மே மாதத்திலேயே வேலையைப் பாருங்கள். ஓடுகிறவரின் விண்ணப்பத்தோடு ஓட்டப் பதிவை உறுதி செய்த கடிதம் போகும். உங்களுடையதோடு அதன் நகலும் திருமணச் சான்றிதழும், கூடப் போகிறேன் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதமும் போகட்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. விதியில் இல்லாத ஒன்றையும் பாருங்கள்: சில பாலிசிகளில் விளையாட்டுப் போட்டியில் பட்ட காயத்துக்குப் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து பெர்லினுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கேயாவது மாறித்தான் போக வேண்டும், மாறுகிற இடத்தில் பெட்டி காணாமல் போவது உலக வழக்கம். அதனால் ஓட்டத்துக்கான ஷூ, உடை, வாட்ச், சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். புடவை தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஐநூறு கிலோமீட்டர் ஓடிப் பழகிய ஷூ தொலைந்தால் பெர்லினில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜெல்லைத் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள் என்பதால் அதைப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. நம் ஆட்களுக்கு இதில்தான் கவலை அதிகம். ஓட்டத்துக்கு முந்தைய ரெண்டு நாள் புது ஊர்ச் சாப்பாட்டைத் தொட விடாதீர்கள். வயிறு அறிந்த சோறுதான் வேண்டும். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்தால் ரசம் சாதமும் தயிர் சாதமும் நாமே செய்துவிடலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டில், பால்கோவா எல்லாம் இதில் அடிபடும். கறிவேப்பிலைக்கும் தடைதான். ரசப்பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போகும். அரிசி, தயிர், வெண்ணெய் அங்கேயே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும்: ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற கடைகள் போன்ற சிலதான் விதிவிலக்கு. ஞாயிறு காலை வாழைப்பழத்தையும் ரொட்டியையும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்கி மேஜையில் வைத்துவிடுங்கள். நம்ம ஊர் மூன்று முள் பிளக் அங்கே சொருகாது, அடாப்டர் வேண்டும்.

வீடு எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெர்லினின் பழைய கட்டடங்கள் பார்க்க அழகாக இருக்கும், பலவற்றில் லிஃப்ட் இருக்காது. தரைத்தளத்தை அங்கே கணக்கில் சேர்ப்பதில்லை, நான்காவது மாடி என்றால் நிஜமாகவே நான்கு மாடி ஏற வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அந்தப் படியில் அவர் ஏறுவதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

பிப் எண்ணை, அதாவது நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடும் எண் அட்டையை, ஓடுகிறவர்தான் நேரில், அடையாள அட்டை காட்டி வாங்க வேண்டும். நாம் போய் வாங்கித் தர முடியாது. பழைய டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில், விமானம் நிறுத்துகிற கொட்டகைகளான ஹாங்கர்களில் அது நடக்கும். கட்டடத்தைப் பார்க்கவே போகலாம், ஆனால் நடை அதிகம், கடைகள் ஏராளம். அம்மணி அங்கே ஒரு கடை விடாமல் நின்றாள். முந்தின நாள் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னது எனக்குத்தான் ஞாபகம் இருந்தது. முடிந்தால் வெள்ளிக்கிழமையே போய் முடித்துவிடுங்கள். சனிக்கிழமை அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் நிற்கப் போகிற இடங்களை நீங்கள் மட்டும் ஒரு தடவை போய்ப் பார்த்து வாருங்கள்.

அந்த இடங்களுக்கு வருகிறேன். ஓட்டம் ஊரை ஒரு பெரிய சுற்று சுற்றி, பிராண்டன்புர்க் வாசலைத் தாண்டியதும் முடிகிறது. 1990 செப்டம்பர் 30 அன்று, இரு ஜெர்மனியும் இணைவதற்கு மூன்று நாள் முன்னால், முதன்முறையாக ஓட்டக்காரர்கள் அந்த வாசல் வழியாக ஓடினார்கள். அதனால் எல்லோருக்கும் அங்கேதான் நிற்க ஆசை. விட்டுவிடுங்கள். கடைசி நேரக் கூட்டத்தில் நாலு வரிசைக்குப் பின்னால் நின்று தலைகளைத்தான் எண்ணலாம். அங்கே அவருக்கு நாம் தேவையுமில்லை, வாசலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்று இடம். முதலில் ஹெர்மன்பிளாட்ஸ், சுமார் 15வது கிலோமீட்டரில். அங்கிருந்து யு7 பாதாள ரயில் நேராக ஃபெர்பெல்லினர் பிளாட்ஸுக்குப் போகிறது, இருபது நிமிடம்தான். அது சுமார் 32வது கிலோமீட்டர். மூச்சும் மனசும் சேர்ந்து மல்லுக்கட்டுகிற இடம் அதுதான். ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் இங்கே நில்லுங்கள். அப்புறம் யு3 பிடித்து விட்டன்பெர்க்பிளாட்ஸில் இறங்கி, யு2க்கு மாறி போட்ஸ்டாமர் பிளாட்ஸ். அது 38. ஓட்டம் ஊரைச் சுற்றி வளைத்துப் போவதால், ரயிலில் குறுக்கே போகிற நமக்கு நேரம் மிஞ்சும். 28வது கிலோமீட்டரில் வில்டர் ஏபர் என்று ஒரு சந்திப்பு, மேளமும் ஆட்டமுமாகத் திருவிழாதான். ஆனால் அதையும் சேர்த்தால் ஃபெர்பெல்லினர் பிளாட்ஸ் கை நழுவும். கூட்டமும் ஆட்டமும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நாம் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது நேரக் கணக்கு. ஓடுகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அலை அலையாக விடுவார்கள். முதல் அலை 9:15க்குக் கிளம்பும், ஆனால் நிதானமாக ஓடுகிறவர்களின் அலை கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். 10:40க்கு அவர் கோட்டைத் தாண்டுகிறார், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 15 கி.மீ. வரும்போது 12:25. 32இல் 2:24. 38இல் 3:06. முடிவு 3:35. கடைசிப் பத்து கிலோமீட்டரில் எல்லோருக்கும் வேகம் குறையும், அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மாரத்தான் செயலியில் அவர் புள்ளியாக நகர்வதைக் காட்டும், ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை அவரிடம் இருக்கிற நேரக் கணக்குச் சிப் பதிவானால்தான் அது உண்மை. இடையில் காட்டுவதெல்லாம் வெறும் கணிப்பு. லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நிற்கும்போது நெட்வொர்க்கும் திணறும்.

பக்கத்தைச் சொல்லும்போது 'அந்தக் கட்டடத்துப் பக்கம்' என்று சொல்லாதீர்கள். அவருக்கு இடது கையா, வலது கையா என்று பேசி முடிவு செய்யுங்கள். தரையில் ஒரு நீலக் கோடு போட்டிருப்பார்கள், மிகக் குறைந்த தூரத்தைக் காட்டுகிற கோடு அது. பல பேர் அதை ஒட்டியே ஓடுவார்கள். ஹெர்மன்பிளாட்ஸில் பாதை வலதுபுறம் திரும்புகிறது, அதனால் வலது கைப் பக்கம் நின்றால் முகம் தெரியும். தப்பான பக்கம் வந்துவிட்டால் தெருவைக் கடக்கப் பார்க்காதீர்கள். பாதாள ரயில் நிலையத்துக்குள் இறங்கி மறுபக்க வாசலில் ஏறிவிடுங்கள், பலர் இதை யோசிப்பதே இல்லை. அந்த வார இறுதியில் எந்தப் பாதையில் ரயில் வேலை நடக்கிறது என்பதையும் முன்னமே பார்த்துவிடுங்கள். நகருக்குள் சுற்ற ஏபி மண்டலச் சீட்டு போதும், விமான நிலையத்துக்கு ஏபிசி வேண்டும். காகிதச் சீட்டை மெஷினில் முத்திரை குத்தாமல் ஏறினால் 60 யூரோ அபராதம்.

நம்மை அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடுகிறவர் ஆயிரக்கணக்கில் வருவதால் நம் கண் ஏமாந்துவிடும். நான் ஒரு மஞ்சள் துண்டைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஜெர்மன் கூச்சல். அதற்கு நடுவில் "விடாத அம்மணி!" என்று ஒரு குரல் போனால் காது தனியாகப் பிடித்துக்கொள்ளும். "ஏனுங்க, இங்கிருந்து பார்த்தா துண்டு மட்டும்தான் தெரிஞ்சுது, நீங்க தெரியல" என்றாள் அப்புறம். துண்டு வேலை செய்தது, அது போதும். 32இல் நின்றுகொண்டு 'இன்னும் கொஞ்சம்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து கிலோமீட்டர் கொஞ்சம் இல்லை. பெயரைச் சொல்லுங்கள், நல்லா ஓடுற என்று சொல்லுங்கள், அடுத்து எங்கே நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். பாதைக்குள் கால் வைக்காதீர்கள், செல்ஃபிக்கு நிறுத்தாதீர்கள்.

உங்கள் பையில் குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். மெல்லிய மழைக்கோட்டு வையுங்கள். காலையில் பத்து டிகிரி, மத்தியானம் வெயில் என்று அந்த மாதம் மாறி மாறி அடிக்கும். 2025இல் நல்ல வெயில். கழிப்பறைக்குச் சில்லறை நாணயம், பவர் பேங்க், தண்ணீர், நமக்கும் ஏதாவது சாப்பாடு. எட்டு மணி நேரம் நிற்கப் போகிறோம். இன்னொரு பையில் அவருக்கு: தடித்த ஜாக்கெட், காய்ந்த சட்டை, ரப்பர் செருப்பு, உப்பு போட்ட கடலை. செருப்பை மறக்காதீர்கள். ஷூவைக் கழற்றியதும் விரல்கள் எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

முடிவுக் கோட்டின் பகுதிக்குள் பிப் இல்லாதவர்களை விட மாட்டார்கள். வெளியே எழுத்துப் பலகைகள் வைத்து குடும்பத்தோடு சேரும் இடம் என்று ஒதுக்கியிருப்பார்கள். குடும்பப் பெயரின் எழுத்தைப் பார் என்பார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் பாஸ்போர்ட்டில் ஒன்று, பிப்பில் ஒன்று. ஆகவே எந்த எழுத்துக்குக் கீழே என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். வழக்கமான எழுத்துகளில் கூட்டம் நெரியும், எக்ஸ் எழுத்துக்குக் கீழே காற்றாட நிற்கலாம். கோட்டைத் தாண்டினபின் மெடல், தண்ணீர், நடை என்று அவர் வெளியே வர முக்கால் மணி நேரம்கூட ஆகும், பதறாதீர்கள். அதற்கும் மேலே ஆகி, செயலியிலும் முடித்ததாகக் காட்டவில்லை என்றால் பிப் எண்ணோடு தகவல் மேசைக்குப் போங்கள். அவசர எண் 112. வந்ததும் 'எவ்வளவு நேரம்' என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். உடனே உட்கார வைக்காமல் கொஞ்சம் நடக்க விட்டு, ஜாக்கெட்டைப் போர்த்திவிடுங்கள்.

ஊர் சுற்றுவதெல்லாம் ஓட்டத்துக்குப் பிறகுதான், அதிலும் படி இல்லாத இடமாக. வெற்றித் தூணில் 285 படி, அந்தப் பக்கமே போகாதீர்கள். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரைக்கு லிஃப்டும், உள்ளே சுற்றி ஏறும் சாய்தளமும் இருக்கிறது. இலவசம், ஆனால் முன்பதிவு செய்து பாஸ்போர்ட் கொண்டுபோக வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு எடுத்தால் கால் ஒத்துழைக்கும். சாய்தளத்தில் ஏறுவதை விட இறங்குவதுதான் தொடையில் வலிக்கும், கையைக் கொடுங்கள். திரும்பும் விமானத்தில் அவருக்கு நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், ஜன்னல் சீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.