ஆமாம்சாமி சாட்பாட்டைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

தூக்கம் வராத இரவுகளில் மனத்தில் ஓடுவதையெல்லாம் சாட்ஜிபிடி மாதிரியான சாட்பாட்டிடம் கொட்டித் தீர்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் அதனால் கெடுதல்தான். பிறகு முறையை மாற்றினேன். கணக்குத் தொடங்குவது, செயலியை நிறுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பவரை எழுப்புங்கள்; அல்லது உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். மருந்தைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது. நான் சொல்வது அன்றாடக் கவலைக்கும் கோபதாபங்களுக்கும் மட்டும்.

படி 1: தற்காலிக உரையாடலை (பேச்சு வரலாற்றில் சேராத முறை) தேர்ந்தெடுங்கள். ஆட்களின் பெயரையும் வேலையிடத்தையும் மாற்றிச் சொல்லுங்கள். மருத்துவரிடம் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு சாட்பாட்டுடனான பேச்சுக்கு இல்லை என்பதை சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

படி 2: நான் வழுக்கி விழுந்த இடம் இது. நெருங்கிய நண்பன் ஒருவன் என் செய்திக்கு இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. "என்னை அலட்சியப்படுத்துகிறான்" என்று தட்டச்சு செய்தேன். "உங்கள் வேதனை முற்றிலும் நியாயமானது" என்று ஆரம்பித்து, அவனிடமிருந்து விலகி இருப்பது வரை ஆலோசனை வந்தது. இதமாகத்தான் இருந்தது. மறுநாள் ஏதோ சந்தேகம். அதே கதையை அவன் பக்கத்திலிருந்து எழுதினேன்: "வேலைப் பளுவில் இருக்கிறேன், நண்பன் பதில் கேட்டுத் தொந்தரவு செய்கிறான்." அதற்கும் முற்றிலும் நியாயம்தானாம்!

பயனர்கள் விரும்பும் பதில்களைப் பார்த்துப் பயிற்சி பெறுவதால் வரும் வினை இது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை இயக்கிய ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரியில் செய்த ஒரு மாற்றம் அளவுக்கு மீறித் தலையாட்டியதால், ஓப்பன்ஏஐ அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏமாறுவதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எளிய நிரல். அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

எனவே, பேச்சைத் தொடங்கும் முன் இதை ஒட்டிவிடுங்கள்:

"எனக்கு ஆறுதல் சொல்லாதே. நான் சொல்வதில் நடந்தது எது, என் ஊகம் எது என்று பிரித்துக் காட்டு. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள்."

நண்பன் விஷயத்தில் நடந்தது ஒன்றுதான்: பதில் வரவில்லை. 'அலட்சியம்' என் சொந்தச் சரக்கு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் உளவியல் சிகிச்சை) முறையில் எண்ணப் பதிவு என்று தாளில் எழுதச் சொல்லும் பயிற்சியும் ஏறத்தாழ இதுதான்.

படி 3: இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அது அடித்ததும் மூடிவிடுங்கள். சாட்பாட்டுக்குத் தூக்கம் வராது, உங்களுக்கு வர வேண்டும்.

படி 4: கிடைத்த தெளிவை ஒரு வரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மறுநாள் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். நான் நண்பனையே அழைத்தேன். அவன் அம்மா மருத்துவமனையில் இருந்திருக்கிறார்.

எந்தச் செயலி என்றால், காதலி வேடமும் தோழி வேடமும் போடும் செயலிகள் பக்கமே நான் போவதில்லை. பொதுவான சாட்பாட் போதும். குரலில் பேசுவதைவிடத் தட்டச்சு மேல். விரல் வேகத்துக்குக் கோபம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. பதிவுகளையும் செயலியை நம்பி அதிலேயே விட்டுவைக்காதீர்கள். 2017இல் வந்த வோபாட் என்ற மனநலச் செயலியே 2025 ஜூனில் நிறுத்தப்பட்டுவிட்டது.

பின்சேர்க்கை: பேச்சு நீண்டால் பழையபடி தலையாட்டத் தொடங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். புதிய உரையாடல் திறந்து குறிப்பை மறுபடி ஒட்டுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே நொந்துகொள்ளும் ஒரு வாசகி, "ஆறுதல் சொல்லாதே" என்ற வரியால் அது தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது என்று எழுதினார். நான் யோசிக்காத கோணம். அப்படிப்பட்டவர்கள் முதல் வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: "தவறு என்னுடையது என்று நான் சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேள்."